கூரையில்லாத சபா

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சுவாமி விவேகானந்தர்தான். 1893-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி சர்வமத மகாசபையில் அவர் பேச எழுந்த கட்டிடம் அந்நகரின் மிச்சிகன் வீதியில் இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. இப்போது அது புகழ் பெற்ற சித்திரக் காட்சிசாலை. சென்னை வாலிபர்கள் வீடு வீடாய் ஏறி இறங்கி வசூலித்த பணமும் சேர்ந்துதான் சுவாமிகளைக் கப்பல் ஏற்றியது என்பதை நினைத்துக்கொண்டு அதன் வாசற்படியில் சற்று நிற்பதில் தமிழர்களுக்கு ஒரு தனிப் பெருமை. நாமும் நின்றோம். ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது அந்தக் கட்டிடத்தைப் பற்றியதன்று. அங்கிருந்து வடக்கே ஒரே ஒரு தெருவைத் தாண்டினால் மற்றொரு சபை இருக்கிறது. அதற்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, டிக்கட்டுக் கிழிக்கும் ஆசாமியும் இல்லை. கோடைக்கால மாலைகளில் அங்கே ஒரு பெரிய வாத்திய கோஷ்டி மேல்நாட்டுச் சங்கீதத்தை வாசிக்க, ஆயிரக்கணக்கான ஜனங்கள் புல்தரையில் விரிப்பை விரித்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மிலேனியம் பூங்கா என்னும் தோட்டத்தின் நடுவில் உள்ள இந்த இடத்துக்கு ஜே பிரிட்ஸ்கர் அரங்கம் என்று பெயர். 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி திறந்தார்கள். அமைத்தவர் பிராங்க் கெரி என்ற கட்டிடக் கலைஞர். வருஷம் இருபதுக்கு மேல் ஆகிவிட்ட ஒன்றைப் புதிய இடம் என்று சொல்லலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இங்கே நடக்கும் சங்கீத விழா 1935-லிருந்து நடந்து வருகிறது. அந்த விழாவுக்கு இது புதுவீடுதான். பழைய வீட்டில் இருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச அவர்களுக்கு அலுப்பே தட்டுவதில்லை.

மேடையைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் சற்றுத் திகைப்பாகவே இருக்கும். நம் ஊர்த் தச்சன் இழைப்புளியால் பலகையைச் சீவும்போது சுருள் சுருளாக விழுமே, அந்த மாதிரிச் சுருள்களை எஃகுத் தகட்டில் செய்து, 120 அடி உயரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருள்களின் நடுவில், உட்புறம் மரப்பலகை வேய்ந்த மேடை. 120 பேர் கொண்ட வாத்திய கோஷ்டியும், அவர்களுக்குப் பின்னால் 150 பேர் கொண்ட பாடகர் கூட்டமும் அதில் தாராளமாக இருக்கலாம். எதிரே 4,000 நாற்காலிகள். அதற்கு அப்பால் 7,000 பேர் உட்காரக்கூடிய புல்வெளி. முன்பக்கத்து நாற்காலிகளில் ஒரு பகுதி மட்டும் சந்தா கட்டிய அங்கத்தினர்களுக்கு. மற்ற நாற்காலிகளும் புல்வெளி முழுவதும் யார் வேண்டுமானாலும் காலணாக் கொடுக்காமல் வந்து உட்காரலாம்.

நம்முடன் தஞ்சாவூர் ஜில்லாப் பெரியவர் ஒருவரும் அவருடைய சம்சாரமும் வந்திருந்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். அந்த அம்மாள் புளியோதரை கட்டி எடுத்து வந்தது நமக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. புல்வெளிக்குப் போய்ப் பார்த்ததும் கூச்சம் பறந்துவிட்டது. எல்லோருமே கட்டுச்சாதக் கூடையுடன்தான் வந்திருந்தார்கள்! ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி என்று பரப்பி வைத்துக்கொண்டு, நடுவில் சிலர் திராட்சை மதுவையும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்து அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது வாஸ்தவம். ஆனால் குடித்தவர் யாரும் கூச்சல் போடவில்லை என்பதையும் அவரே கவனித்துச் சொன்னார். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களை யாரும் முறைத்துப் பார்க்காததுதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. குழந்தை அழுதால் பத்தடி தள்ளிப் போய் நடக்கிறார்கள், அவ்வளவுதான். மூடிய மண்டபத்தில் இது நடக்குமா?

பெரியவருடைய கவனம் வேறிடத்தில் இருந்தது. அவர் சின்ன வயதில் கோவில் வீதிகளில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர். திறந்த வெளியில் வாசிப்பதற்கென்றே பிறந்த வாத்தியம் அது ஒன்றுதான் என்பது அவர் கட்சி. பிடிலும் புல்லாங்குழலும் ஆகாயத்தின் கீழ் செல்லுபடியாகா என்று முன்கூட்டியே தீர்ப்புச் செய்துவிட்டு வந்திருந்தார். ஒரு ஸிம்பனியின் விளம்பமான பகுதி தொடங்கியதும் எழுந்தார். மேடைக்கு அருகிலிருந்து புல்வெளியின் கடைசி வரையில், யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல், ஓரமாகவே நடந்து போனார். நடுநடுவே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கடைசி வரிசையிலும் பிடில் பிடிலாகத்தான் கேட்கிறது, தகர டப்பாவாகக் கேட்கவில்லை என்று நம் காதோடு சொன்னார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய புகழுரை வருவது துர்லபம்.

இந்த அதிசயத்துக்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. மேடையின் விளிம்பிலிருந்து கிளம்பி, நாற்காலிகளையும் புல்வெளியையும் கடந்து, 600 அடி நீளமும் 300 அடி அகலமும் உள்ள ஒரு பந்தல் வளைந்து நிற்கிறது. துணியோ கீற்றோ போடாத பந்தல். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எஃகுக் குழாய்கள் மட்டுந்தான். மழை பெய்தால் நனைய வேண்டியதே. அந்தக் குழாய்களில்தான் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். புல்வெளியின் நடுவில் ஒரு கம்பம் கூட இல்லை. யாருடைய பார்வையையும் எதுவும் மறைப்பதில்லை.

ஆனால் ஒலிபெருக்கியைத் தொங்கவிடுவது மட்டும் வித்தையன்று. கோவில் உற்சவத்தில் தெருக்கோடியில் நின்று தவில்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? கழி தோலில் விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். சப்தம் சற்றுப் பின்னால் வரும். சப்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 600 அடியைக் கடக்க அதற்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. மின்சாரமோ அந்த க்ஷணமே போய்விடும். ஆகையால் பின்னால் உள்ள ஒலிபெருக்கியும் மேடையோடு கூடவே பேசினால், கடைசியில் இருப்பவர் தலைக்கு மேலே ஒரு தடவையும், மேடையிலிருந்து மற்றொரு தடவையும் அதே ஸ்வரத்தைக் கேட்பார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாகப் பாடினால் எப்படி இருக்கும்? நம் ஊர்க் கூட்டங்களில் மைக் வைத்துப் பேசுகிறவரின் ஒவ்வொரு வார்த்தையும் இரட்டையாகக் கேட்பது இதனால்தான்.

இங்கே என்ன செய்திருக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு வரிசை ஒலிபெருக்கியையும் அது மேடையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள். மேடைச் சப்தம் அந்த இடத்தை எட்டும் நேரத்துக்குத்தான் அது வாய் திறக்கும். காது ஏமாந்துபோகிறது; எல்லாம் மேடையிலிருந்தே வருவதாக நினைத்துக்கொள்கிறது. இன்னும் ஒரு தந்திரமும் உண்டு. மண்டபத்தில் பாடினால் சுவர்கள் நாதத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து, அதற்கு ஒரு கனம் உண்டாக்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று ஓங்காரம் இசைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெட்டவெளியில் போன நாதம் போனதுதான். ஆகவே அந்த இல்லாத சுவர்களின் வேலையைச் செய்ய வேறொரு கூட்டம் ஒலிபெருக்கிகளைப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் மெல்லியதாகப் பேச வைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் சிகாகோவை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரைச் சேர்ந்த தலாஸ்கே நிறுவனத்தார்.

எஃகுச் சுருள்களைப் பார்க்கத்தான் படம் பிடிப்பவர்கள் வருகிறார்கள். நம்மைக் கேட்டால், குழாய்ப் பந்தலுக்காகத்தான் கைதட்ட வேண்டும் என்போம். திறந்தவெளிக் கச்சேரி என்றால் பணம் கொடுத்து முன்னால் உட்கார்ந்தவனுக்குச் சங்கீதம், கொடுக்காமல் பின்னால் உட்கார்ந்தவனுக்கு மீந்ததும் சிதறியதும் என்பதே உலக வழக்கம். காசில்லாமல் வந்து கடைசியில் படுத்துக் கிடப்பவனுடைய காதுக்காக இவ்வளவு தூரம் மூளையைச் செலவழித்திருக்கிறார்களே, அதை நாம் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பக்கத்து வீதியில் தீயணைக்கும் வண்டி ஊளையிட்டுக்கொண்டு போகும்போது, எவ்வளவு மெல்லிய இழையாக ஸங்கீதம் ஓடிக்கொண்டிருந்தாலும் அறுந்துதான் போகிறது. ஏரிக் காற்று திடீரென்று குளிர்ந்து வீசினால் சால்வையைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஆகஸ்டு மாதத்தில் வாலிபர்களின் லொலபலூஸா என்னும் பெரிய பாட்டுத் திருவிழா ஒன்று நடக்கும். அதன் இரைச்சலுக்கு எந்தப் பந்தலும் ஈடுகொடுக்க முடியாது. அந்த நாட்களில் நமது வாத்திய கோஷ்டி பின்பக்கத்தில் உள்ள ஹாரிஸ் நாடகசாலைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. மேலும், எவ்வளவுதான் சாமர்த்தியமாகச் செய்தாலும் மின்சாரத்தின் வழியே வந்த நாதம் மின்சாரத்தின் வழியே வந்ததுதான் என்று சொல்லும் பிடிவாதக்காரர்களும் உண்டு. அவர்கள் முன்வரிசைக்குச் சந்தா கட்டிவிட வேண்டியதுதான்.

இந்த விழா பிறந்த கதையைக் கேட்டால், இலவசம் என்பது ஏன் இங்கே இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று விளங்கும். 1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். வாத்தியக்காரர்களுக்கு அதோடு இன்னோர் இடியும் விழுந்தது. மௌனப் படங்கள் ஓடியபோது ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு வாத்திய கோஷ்டி இருந்தது. டாக்கி வந்ததும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று. சிகாகோ வாத்தியக்காரர் சங்கத்தின் தலைவர் பெட்ரில்லோ என்பவர் முன்கையெடுத்து, 1935-ல் கிராண்ட் பார்க் என்ற பெரிய பூங்காவில் இலவசக் கச்சேரிகளை ஆரம்பித்தார். வாத்தியக்காரருக்குச் சம்பளம், மனம் நொந்த ஜனங்களுக்குப் பாட்டு. (இதே பெட்ரில்லோ பிற்பாடு தேசம் முழுவதற்கும் சங்கத் தலைவராகி, 1942-ல் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எந்த வாத்தியக்காரரும் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். மனுஷர் சாமானியப்பட்டவர் அல்ல!) 1939-ல் லிலி பான்ஸ் என்ற பிரசித்தி பெற்ற பாடகி பாடியபோது மூன்று லட்சம் பேர் கூடியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் காதில் பாட்டு விழுந்தது என்பது வேறு விஷயம்.

அந்தப் பூங்கா நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. நகரம் குழந்தையாக இருந்தபோது, 1836-ல் வரைந்த நிலப்படத்தில், ஏரிக்கரையை அடுத்த இந்தப் பகுதி பொதுஜனங்களுக்குச் சொந்தம், இதில் என்றென்றைக்கும் கட்டிடம் எதுவும் எழும்பக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நிலப்படத்தில் எழுதியது நிலத்தைக் காப்பாற்றிவிடுமா? குப்பையும் கொட்டகைகளும் பெருகின. எதிர்வீதியில் கடை வைத்திருந்த மான்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி, 1890-ல் நகரசபையின் மேல் வழக்குத் தொடர்ந்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று என்று 1911 வரையில் நாலு வழக்குகள் நடத்தினார். பொருட்காட்சிசாலை கட்ட வேண்டும் என்று வந்தவர்களையும் விடவில்லை. ஊரின் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று பெரிய மனிதர்கள் அவரைத் தூற்றினார்கள். தாம் போராடியது ஏழைகளுக்காக, லட்சாதிபதிகளுக்காக அல்ல என்று அவர் சொல்லிவிட்டார். சுவாமிகள் பேசிய அந்தக் காட்சிசாலை ஒன்றுதான் விலக்காக நின்றது.

வார்டு ஜயித்த வழக்குகளினால் இன்றும் அங்கே உயரமான கட்டிடம் எழுப்ப முடியாது. 2003-ல் திறந்த ஹாரிஸ் நாடகசாலையைப் பெரும்பாலும் பூமிக்கு அடியிலேயே புதைத்துக் கட்டினார்கள். அப்படியானால் 120 அடி மேடை எப்படி வந்தது? அது கட்டிடமே அல்ல, ஒரு கலைப்பொருள், ஒரு சிற்பம் என்று நகரசபையார் தஸ்தாவேஜில் எழுதிக்கொண்டுவிட்டார்கள்! வக்கீல்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வக்கீல்களே. வார்டு உயிரோடு இருந்திருந்தால் ஐந்தாவது வழக்கும் வந்திருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கச்சேரியையும் ஒரு தடவை கேட்டிருந்தாரானால் வாபஸ் வாங்கியிருப்பாரோ என்னவோ.

பணம் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பூங்கா முழுவதற்கும் முதலில் போட்ட திட்டம் 15 கோடி டாலர். முடிந்தபோது ஆன செலவு சுமார் 47½ கோடி. 2000-ல் முடிய வேண்டியது நாலு வருஷம் தாமதம். இந்த அரங்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 6 கோடி. பிரிட்ஸ்கர் குடும்பத்தார் கொடுத்தது 1½ கோடி. தனவந்தர்கள் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, அரங்கத்துக்கு ஒருவர் பெயர், நாடகசாலைக்கு ஒருவர் பெயர், தோட்டத்துக்கு ஒருவர் பெயர், நீரூற்றுக்கு ஒருவர் பெயர், பாலத்துக்கு ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பெயர்! நம் கோவில்களில் குழல்விளக்கின் மேல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயரை எழுதுகிறோமே, அந்த ஞாபகம் வந்தது.

பெயரோடு நின்றால் பாதகமில்லை. 2005 செப்டம்பரில் ஒரு மோட்டார் கம்பெனி 8 லட்சம் டாலர் வாடகை கொடுத்து இந்தப் பூங்காவை ஒரு நாளைக்குத் தன் விருந்தினருக்கென்று எடுத்துக்கொண்டது. அன்றைக்குப் பொதுஜனங்களுக்கு வாசல் அடைத்துவிட்டது. ஊரார் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்? 2022 மே மாதத்தில் பூங்காவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதையடுத்து, வாரக் கடைசி நாட்களில் மாலை 6 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றிப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வரக் கூடாது என்று மேயர் உத்தரவு போட்டார். காரணம் பயங்கரமானதுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் பாட்டுக் கேட்கக் காசில்லாமல் தனியே வரக்கூடியவர்களில் பெரும்பாலார் அந்த வயதுப் பிள்ளைகள் அல்லவா?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், இலவசமாகத் திறந்தவெளியில் கேட்பது நமக்கு ஒன்றும் புதிது அல்ல என்று திருவையாற்றை நினைப்பூட்டினார். வாஸ்தவம். தியாகப் பிரம்மத்தின் ஆராதனைக்குக் காவேரிக் கரையில் பந்தல் போட்டு, வித்வான்கள் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினம் பாட, மணலில் உட்கார்ந்தவர்கள் யாரும் டிக்கட்டு வாங்குவதில்லை. சென்னையிலும் 2015-லிருந்து ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களுடன் சேர்ந்து, சங்கீத வித்வான் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் கடற்கரையோரம் விழா நடத்தியிருக்கிறார்கள். மனம் நம்மிடம் இருக்கிறது. ஒலிபெருக்கி விஷயத்தில்தான் நாம் தோற்றுப்போகிறோம். பின்னால் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால் நமக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே: இன்னும் கொஞ்சம் சப்தத்தைக் கூட்டு! தம்புராவின் சுருதி காற்றோடு போக, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் நம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. ஆறு கோடி டாலர் நமக்கு வேண்டாம். அந்த அரை விநாடிக் கணக்கைப் போடத் தெரிந்த ஓர் ஆளும், பந்தல் முழுக்கப் பரவலாகத் தொங்கவிடச் சில நல்ல சின்ன ஒலிபெருக்கிகளும் போதும். பந்தலோ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கச்சேரிக்கு மறுநாள் பகலில் அந்தப் பக்கம் போனபோது மேடையிலிருந்து வாத்திய சப்தம் வந்தது. ஒத்திகை! அதையும் கதவை மூடிக்கொண்டு நடத்துவதில்லை. கதவு என்று ஒன்று இருந்தால்தானே? ஆபீஸ் குமாஸ்தாக்கள் சிலர் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலிகளில் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றார். நாலு வரி வாசித்ததும் கோலைத் தட்டி நிறுத்துவார். குழல்காரரைப் பார்த்து ஏதோ சொல்லுவார். மறுபடியும் அதே நாலு வரி. பெரியவர் இதை விட்டு வர மறுத்துவிட்டார். நேற்றுக் கேட்டதைவிட இதில்தான் விஷயம் இருக்கிறது, குரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்பது போலிருக்கிறது என்றார். குழல்காரர் நாலாவது தடவை அந்த இடத்தைச் சரியாக வாசித்து முடித்தபோது, பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா தலையை ஆட்டினார். பெரியவரும் ஆட்டினார்.